சந்துக்கு மேலே ஓர் அறை

ஒன்பது இருபத்தைந்துக்குக் கிளம்ப வேண்டிய பஸ் ஒன்பது இருபத்தாறுக்குக் கிளம்பினால் அன்று முழுக்க எனக்கு மனசு சரியிருக்காது. இங்கிலாந்தில், கீத்லி என்கிற சின்ன ஊரில், இருபத்திரண்டு வருஷமாக பஸ் ஓட்டுகிறேன். லொரெய்ன் சக்டன் வண்டி வருகிறதென்றால் மேட்டுத்தெருவில் கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்ட எனக்கு, ஐம்பத்திரண்டு வயதில் முதன்முதலாக ஒரு வீடு வாங்கப் போகும்போது, பத்திரம் பார்க்கிற வக்கீலாக, இங்கே சொலிசிட்டர் என்பார்கள், பிலிப்பா ஆக்ராய்ட் வந்து வாய்த்தாள்.

முப்பத்து நாலு வயதிருக்கும். ரொட்டிக் கடைக்கு மேலே மாடியில் அலுவலகம். வருஷம் பன்னிரண்டு மாதமும் மூக்கில் கைக்குட்டை. எதைக் கேட்டாலும் முன்னால் ஒரு "மன்னிச்சுக்கணும்" போட்டுத்தான் கேட்பாள். கேட்ட பதிலை எழுதுவாள். எழுதியதை வாசித்துக் காட்டுவாள். பிறகு அதையே கடிதமாக டைப் அடித்துத் தபாலில் அனுப்புவாள். ஆமை என்று பெயர் வைத்தேன். என் கணவர் ட்ரெவர், "ஆமைகிட்ட இருந்து லெட்டர் வந்திருக்கு" என்று கவரை ஆட்டிக் காட்டுவார்.

அவருக்காகத்தான் இந்த வீடே. நாலு வருஷத்துக்கு முன்னால் ட்ரெவருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. வாரத்தில் மூன்று நாள் பிராட்ஃபோர்டு ஆஸ்பத்திரி. போக ஒரு மணி நேரம், ரத்தத்தைச் சுத்தம் செய்கிற டயாலிசிஸ் மிஷினில் நாலு மணி நேரம், வர ஒரு மணி நேரம். திரும்பி வரும்போது துணியைப் பிழிந்து போட்ட மாதிரி இருப்பார். வீட்டிலேயே மிஷின் வைத்துக்கொள்ளலாம், நாங்களே தருகிறோம், நாங்களே சொல்லித் தருகிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இருவரும் கற்றுக்கொண்டோம். ஆனால் அதற்குத் தனித் தண்ணீர்க் குழாய் இழுக்க வேண்டும், கழிவுநீர் போக வழி வேண்டும். நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்கவே விடமாட்டார். குழாய் என்றதும் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்போதுதான் பதினாறாம் நம்பர் வீடு விலைக்கு வந்தது. மில் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய கல் வீடுகளில் ஒன்று. கீழே முன்னறையும் சமையலறையும். மேலே படுக்கை போட ஓர் அறை, ஒரு குளியலறை, அதையடுத்து, பக்கத்துச் சந்துக்கு மேலே நீண்டு போகிற இன்னோர் அறை. இந்த ஊரில் வரிசை வீடுகளுக்கு நடுவே பின்கட்டுக்குப் போக ஒரு சந்து விடுவார்கள். சந்து தரையில்தான். மேலே அதன் தலையில் அறை கட்டிவிடுவார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். சந்துக்கு மேலிருந்த அறையில் நின்று சுவரைத் தட்டினாள். "குளியலறைக் குழாய் இந்தச் சுவருக்குப் பின்னாடிதான் இருக்கு. வெளிச்சம் இருக்கு. இதுதான் ரூம்" என்றாள். ட்ரெவர் ஜன்னலோரம் போய் நின்று வெகுநேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறை இல்லையென்றால் அந்த வீடு எங்களுக்கு எதற்கு?

இதையெல்லாம் முதல் நாளே பிலிப்பாவிடம் சொன்னேன். எழுதிக்கொண்டாள். எல்லாவற்றையும்தானே எழுதுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் போனது. இரண்டு மாதம் போனது. கீழே பழைய நிலக்கரிச் சுரங்கம் உண்டா என்று வில்லங்கம் பார்த்தாள். சாக்கடை யார் பொறுப்பு என்று பார்த்தாள். வீட்டு புரோக்கர் எனக்குப் போன் போட்டு, "உங்க வக்கீல் தூங்கிட்டாங்களா மேடம்?" என்று கேட்க ஆரம்பித்தான். ஒரு செவ்வாய்க்கிழமை நான் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவளே கூப்பிட்டாள்.

"மன்னிச்சுக்கணும் மிஸஸ் சக்டன். ஒரு சின்ன சந்தேகம். அந்த வீட்டுல மாடியில, பின்பக்கமா, எத்தனை ஜன்னல்?"

"ரெண்டு. நல்லா எண்ணிப் பாத்தேன். அடுத்து கதவுக்கு என்ன பெயின்ட்னு கேப்பீங்களா?"

"இல்ல. ஒரு டேப் எடுத்துக்கிட்டுப் போய் மாடியோட அகலத்தை அளந்து சொல்ல முடியுமா? கீழேயும் அளக்கணும்."

"எதுக்கு?"

"அளந்துட்டுச் சொல்லுங்க. அப்புறம் பேசுவோம்."

திட்டிக்கொண்டே போய் அளந்தேன். கீழே பதினாலு அடி. மேலே பதினெட்டரை. சொன்னதும் மறுமுனையில் ஒரு தும்மல் மட்டும் கேட்டது. அலுவலகத்துக்கு வரச் சொன்னாள்.

இனிமேல் பொறுப்பதில்லை, வேறு வக்கீல் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வருவதாகத்தான் போனேன். படியேறும்போதே வார்த்தைகளை அடுக்கிக்கொண்டேன். அவள் என்னைப் பேசவிடாமல் மேஜைமேல் ஒரு வரைபடத்தை விரித்தாள். பதிவு அலுவலகத்தின் வரைபடம். வீட்டைச் சுற்றிச் சிவப்புக் கோடு.

"இந்தச் சிவப்புக்குள்ள இருக்கிறதுதான் நீங்க வாங்கப்போறது. அகலம் பதினாலு அடி. சந்து பக்கத்து வீட்டோடது, பதினெட்டாம் நம்பரோடது. அதுக்கு மேல இருக்கிறதும் அவங்களோடதுதான்."

"அதுக்கு மேலதானே..."

"ஆமா. மிஸ்டர் சக்டன் ரூம்." கைக்குட்டையை மடித்து வைத்தாள். "நீங்க முதல் நாள் சொன்னீங்க, அந்த ரூமுக்காகத்தான் வீடுன்னு. அதனால அந்த ரூமை மட்டும் தனியா தேடினேன். பதினாறாம் நம்பரோட எந்தப் பத்திரத்துலயும் இல்ல."

வரைபடத்தை என் பக்கம் திருப்பி, சிவப்புக் கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தேன். அடுக்கி வைத்த வார்த்தைகள் மறந்தே போயின.

விற்கிறவர்களின் வக்கீலுக்கு எழுதியிருக்கிறாள். அறுபது வருஷமாக யாரும் ஒன்றும் கேட்டதில்லை, ஒரு இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுக்கிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்று பதில் வந்திருக்கிறது.

"அப்ப எடுத்துக்கலாமே!" என்றேன். "முடிஞ்சு போச்சு!"

"எடுக்கலாம். நிறைய பேர் எடுக்கறாங்க. நீங்க சொன்னா நானும் செஞ்சு தரேன்." பேனாவை மூடி வைத்தாள். "ஆனா நாளைக்கு யாராவது வந்து ரூமைக் கேட்டா இன்சூரன்ஸ் உங்களுக்குப் பணம் குடுக்கும். ரூம் குடுக்காது. மிஸ்டர் சக்டனை மிஷின்ல மாட்டியிருக்கும்போது யாராவது கதவைத் தட்டினா, பணத்தை வெச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணுவீங்க?"

அந்த நிமிஷம் அவள்மேல் வந்த கோபத்தை இன்றைக்கும் மறைக்க மாட்டேன். என் காதில் விழக்கூடாத ஒன்றை அவள் சொல்லிவிட்டாள்.

இன்சூரன்ஸ் வேண்டாம் என்றால் ஒரே வழிதான். பதினெட்டாம் நம்பர்க்காரர் அந்த அறையை எங்கள் பெயருக்கு எழுதித் தர வேண்டும். பிலிப்பா முறையாகக் கடிதம் எழுதுகிறேன், பொறுங்கள் என்றாள். பொறுப்பதா? மறுநாள் டூட்டி முடிந்ததும் சீருடையோடே போய் அவர் கதவைத் தட்டினேன்.

ஆர்னல்ட் விட்டேக்கர். எழுபத்தெட்டு வயது. மனைவி போய்விட்டாள், தனியாள். என் பஸ்ஸில் வருகிறவர்தான். முகம் தெரிந்தவர் என்ற தைரியத்தில் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"மாடி ரூம் சட்டப்படி உங்களுதாம். எங்களுக்கு எழுதித் தரணும்."

"எழுதித் தரவா? அதை எங்கப்பாதான் அப்ப பதினாறாம் நம்பர்ல இருந்த ஹெரால்ட் பாரக்ளோவுக்குக் குடுத்துட்டாரே. எங்க பக்கத்துக் கதவை அடைச்சு, கை குலுக்கிக் குடுத்தார்."

"கை குலுக்கினதெல்லாம் செல்லாதுங்க. எழுத்துல வேணும்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "எங்கப்பா கை குடுத்தா குடுத்ததுதான் பொண்ணே. அது செல்லாதுன்னு எங்க வாசல்லயே நின்னுக்கிட்டுச் சொல்றியா? நல்லா இரு. போய்ட்டு வா." கதவு சாத்தியாகிவிட்டது.

எங்கள் ஊரில் இப்படித்தான். பாதி ஊரின் வேலியும் சந்தும் இப்படிக் கைகுலுக்கி மாற்றிக்கொண்டவைதான். பத்திரம் கேட்டால், நம்பவில்லை என்று முகத்தில் அடித்த மாதிரி. இங்கேயே பிறந்து வளர்ந்தவள் நான். எனக்கு இது தெரியாதா? தெரியும். கையால் செய்ய வேண்டியதை வாயால் கெடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ட்ரெவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டார். "புது வீட்டுல இந்த அலைச்சல் இருக்காதுல்ல லோரி?" என்றார். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். பிறகு பிலிப்பாவுக்குப் போன் செய்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"மன்னிச்சுக்கணும்," என்றாள் அவள். "நான் முன்னாடியே எழுதியிருக்கணும். சனிக்கிழமை அவர் வீட்டுல இருப்பாரா?"

எங்கள் ஊர் வக்கீல்கள் வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் இல்லை. நாற்பது வருஷம் வீடு விற்று வாங்கிக் கொடுப்பார்கள், ஒரு வீட்டின் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார்கள். இவள் சனிக்கிழமை காலை, தன் சொந்த நேரத்தில், பஸ் ஏறி வந்து இறங்கினாள். கையில் ஒரு பை. "நான் பேசறவரைக்கும் நீங்க பேசவேண்டாம், சரியா?" என்றாள். வேறு யாராவது என்னிடம் அப்படிச் சொல்லியிருந்தால் நடப்பதே வேறு.

விட்டேக்கர் கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் சாத்தப் போனார். பிலிப்பா ஒரு தும்மல் போட்டாள்.

"மன்னிச்சுக்கணும். நான்தான் வக்கீல். எதுலயும் கையெழுத்துக் கேக்க வரலை. உங்கப்பா அடைச்ச அந்தச் சுவரைப் பாக்கணும்னு ஆசை. காட்டுவீங்களா?"

அவர் இவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஜலதோஷத்தோட தெருவுல நிக்காதே. உள்ள வா," என்றார். என்னையும் சேர்த்துத்தான் என்று நானே எடுத்துக்கொண்டேன்.

மாடியில் அலமாரியை நகர்த்திக் காட்டினார். பூப்போட்ட காகிதத்துக்கு அடியில், கதவு இருந்த இடம் கையால் தடவினால் தெரிந்தது. ஐம்பத்தேழாம் வருஷம் நடந்ததைச் சொன்னார். ஹெரால்டுக்கு ஆறு பிள்ளைகள், ஒரே படுக்கையறை. விட்டேக்கர் வீட்டில் இவர் ஒருவர்தான் பிள்ளை. இரண்டு அப்பாக்களும் ஒரே மில்லில், ஒரே ஷிஃப்டில். ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கக் கதவைச் செங்கல் வைத்து அடைத்தார்கள், அந்தப் பக்கம் சுவரை உடைத்துக் கதவு வைத்தார்கள்.

"காரை குழைச்சது நான். பன்னெண்டு வயசு," என்றார். "முடிச்சதும் ரெண்டு பேரும் சந்துல நின்னு கை குலுக்கினாங்க. அன்னிக்கு ராத்திரி சுவத்துக்கு அந்தப்பக்கம் ஆறு பேரும் குதிச்ச சத்தத்துல எங்கம்மா தூங்கவே இல்ல."

பிலிப்பா எழுதிக்கொண்டேயிருந்தாள். முடித்ததும் வழக்கம்போல வாசித்துக் காட்டினாள். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"மிஸ்டர் விட்டேக்கர், ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். நான் இவங்க வக்கீல், உங்க வக்கீல் இல்ல. நான் என்ன சொன்னாலும் அது இவங்க நல்லதுக்குத்தான். அதனால என் பேச்சை நம்பி எதையும் செய்யாதீங்க. வேற ஒரு வக்கீல்கிட்ட காட்டிட்டுச் செய்யுங்க."

அவர் சிரித்துவிட்டார். "என் பேச்சை நம்பாதேன்னு சொல்ற வக்கீலை இப்பத்தான் பாக்கறேன்."

"நீங்க இருக்கிறவரைக்கும் இதுக்குப் பத்திரமே தேவையில்ல. நீங்களே பத்திரம். அன்னிக்குக் கை குலுக்கினதைப் பாத்தவங்கள்ல இப்ப மிச்சம் இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். உங்களுக்கு அப்புறம் இந்த வீட்டுக்கு வர்றவங்களுக்கு அது எப்படித் தெரியும்?"

விட்டேக்கர் அந்தப் பூப்போட்ட காகிதத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க ரெண்டு பேர்தானே? ரூம் எதுக்கு?"

பிலிப்பாவுக்கு எல்லாம் தெரியும். ஆனால் சொல்ல வேண்டியது நான் என்று எழுதியதன்மேல் குனிந்துகொண்டாள். ட்ரெவரின் நோயை நான் ஊரில் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை, அவருக்கு இரக்கம் பிடிக்காது. ஆனால் அன்றைக்குச் சொன்னேன். மிஷினைப் பற்றி, நாலு மணி நேரத்தைப் பற்றி, அவர் படியில் உட்கார்ந்ததைப் பற்றி. வாசலில் பேசிய பேச்சுக்கு மன்னிப்பும் கேட்டேன். என் வாயில் அது சுலபமாக வருகிற வார்த்தை இல்லை.

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன பொண்ணே?" என்றார் அவர். "டீ போடறேன். உக்காருங்க."

அத்தோடு முடிந்ததா? இல்லை. அவருடைய வக்கீல் பக்கத்து ஊரான பிங்லியில் இருந்தார், அவரும் ஓர் ஆமை. மூன்று வாரம். புரோக்கர் தினமும் கூப்பிட்டு, வேறு ஆளுக்கு வீட்டைக் கொடுத்துவிடுவோம் என்று மிரட்டினான். நான் பதறிப்போய் பிலிப்பாவிடம் ஓடினேன்.

"குடுக்கட்டும்," என்றாள், என் வக்கீலா பேசுவது என்று நான் திகைக்கும்படி. "அந்த ஆளோட வக்கீலும் அகலத்தை அளப்பாங்க. இதே இடத்துக்குத்தான் வந்து நிப்பாங்க. அதை அந்த புரோக்கருக்கு ரொம்பப் பணிவா எழுதி அனுப்பியிருக்கேன்."

அதற்குப் பிறகு புரோக்கர் கூப்பிடவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் டிப்போவில் இருந்தபோது போன் வந்தது. "மிஸஸ் சக்டன், முடிஞ்சது. வீடு உங்களுது. ரூமும்." என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். "சரி, நல்லது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் பெட்டி கட்டுவதும் குழாய் இழுப்பதும் மிஷின் வந்து இறங்குவதுமாக நாள் ஓடிவிட்டது. கடையிலிருந்து ஒரு வாழ்த்து அட்டை வாங்கி வைத்தேன். அதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் மேஜை இழுப்பறையிலேயே கிடந்தது.

ட்ரெவர் மாறிப்போனார். வாரத்தில் மூன்று நாள் பிராட்ஃபோர்டுக்குப் போகாத மனிதர் எப்படி இருப்பார் என்பதே எனக்கு மறந்திருந்தது. மிஷினில் இருந்துகொண்டே ரேடியோவில் கிரிக்கெட் கேட்பார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து விட்டேக்கர் விக்கெட் விழுந்தால் தட்டுவார், இவர் இந்தப் பக்கத்திலிருந்து திருப்பித் தட்டுவார். அந்தக் கிழவர் பிப்ரவரியில் தூக்கத்திலேயே போய்விட்டார். இறுதிச் சடங்கில் ட்ரெவர் என்னைவிட அதிகமாக அழுதார்.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை. ட்ரெவரை மிஷினில் பூட்டி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கதவு தட்டப்பட்டது. நல்ல கோட்டு போட்ட ஒரு பெண், பின்னால் டேப்போடு ஒரு கட்டடக்காரர்.

"வணக்கங்க. நான் பதினெட்டாம் நம்பர், ஆர்னல்ட் மாமாவோட மனைவிக்கு அண்ணன் பொண்ணு. ஹாரோகேட்டுல இருந்து வரேன். வீடு எனக்கு வந்திருக்கு. சண்டை போட வரலைங்க. ஆனா மாமா பெட்டியில இருந்த பழைய பிளான்ல சந்துக்கு மேல இருக்கிற ரூம் எங்களோடதுன்னு இருக்கு. இவர் அளந்து பாக்கணும்கிறார். மேல வரலாமா?"

கெட்டவள் இல்லை. மரியாதையாகத்தான் கேட்டாள். மேலேயிருந்து மிஷினின் முனகல் கேட்டது. ட்ரெவரின் உடம்பிலிருந்த ரத்தம் அந்தக் குழாய்களில் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னும் மூன்று மணி நேரம் அவரால் எழுந்திருக்க முடியாது. பிலிப்பாவின் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு இன்சூரன்ஸை எடுத்துத் தொலையுங்கள் என்று கத்தியது நான்தான்.

"ஒரு நிமிஷம் இருங்க," என்றேன். உள்ளே போய் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். பதிவு அலுவலகத்தின் புதுப் பிரதியை எடுத்து வந்து நீட்டினேன். சிவப்புக் கோடு சந்தைத் தாண்டிப் போய் அறையைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தது. விட்டேக்கர் சொன்ன கதையும் கூடவே இருந்தது, கீழே அவருடைய கையெழுத்தோடு.

அவள் வாசலிலேயே நின்று முழுக்கப் படித்தாள். செங்கல், ஆறு பிள்ளைகள், காரை குழைத்த பையன், எல்லாம்.

"இதை மாமா எங்ககிட்ட சொன்னதே இல்லைங்க," என்றாள். கண் கலங்கியிருந்தது. "தொந்தரவுக்கு மன்னிச்சிடுங்க." கட்டடக்காரர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

கதவைச் சாத்திவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

"யாரு லோரி?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"பக்கத்து வீட்டுக்குப் புதுசா வந்திருக்காங்க. சும்மா பாக்க வந்தாங்க," என்றேன். அவர் ரேடியோவைக் கூட்டி வைத்தார்.

போனை எடுத்து ரொட்டிக் கடை மாடிக்கு அடித்தேன்.

"பிலிப்பா ஆக்ராய்ட்."

"நான் லொரெய்ன் சக்டன்."

மறுமுனையில் காகிதங்கள் புரளும் சத்தம் சட்டென்று நின்றது. இந்த வேலையில் இருக்கிறவளுக்கு, பழைய கட்சிக்காரர் எதற்குக் கூப்பிடுவார் என்று தெரியாதா? "மிஸஸ் சக்டன்? என்ன ஆச்சு? ரூம் விஷயமா ஏதாவது பிரச்சனையா?"

"ஒண்ணும் ஆகலைம்மா," என்றேன். குரல் உடைந்துவிட்டது, விட்டுவிட்டேன். "ஒருத்தங்க கதவைத் தட்டினாங்க. ஒண்ணுமே ஆகலை. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."